மருத்துவரும் ஃப்ளூ தடுப்பூசியும்

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊர்களில் எல்லாம் ஒரே விதமான காட்சியைக் காணலாம். இராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டியையே எடுத்துக்கொள்வோம். மலையை முகில் மூடியிருக்கும். தெருக்களில் நடமாட்டம் குறைந்திருக்கும். ஆனால் மருத்துவரின் வராந்தாவில் மட்டும் உட்கார இடம் இராது. நூற்பாலைக்குச் செல்லும் தொழிலாளர், பக்கத்துத் தளவாய்புரத்தில் ஆடை தைக்கும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், போர்வையை இழுத்துப் போர்த்திய முதியவர்கள் எனப் பலரும் அங்கே காத்திருப்பார்கள். ஒருவர் இருமுவார், மற்றொருவர் தும்முவார், கைக்குழந்தை ஒன்று அழும். உள்ளே மருத்துவர் ஒவ்வொருவரையும் அருகில் அழைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, மார்பில் குழாயை வைத்து, மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொண்டிருப்பார்.

மாணவ நண்பர்களே! இந்தக் காட்சியில் நாம் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. அன்று காலை முதல் இரவு வரை அறுபது எழுபது பேருடைய மூச்சுக் காற்றின் எதிரே அமர்ந்திருக்கும் அந்த மருத்துவர், அக்காய்ச்சல் தம்மைப் பற்றாதிருக்கத் தடுப்பூசி போட்டுக்கொண்டாரா? பிறருக்கு ஊசி போடுபவர் தமக்குப் போட்டுக்கொண்டாரா? இதென்ன வீண் கேள்வி, மருத்துவர் அறியாததா என்று நீங்கள் எண்ணலாம். உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் இக்கேள்வியை மருத்துவர்களிடமே கேட்டிருக்கிறார்கள். கிடைத்த விடை வியப்பைத் தருவது. அவ்விடையைப் பற்றியதே இப்பேச்சு.

முதலில் ஃப்ளூ என்பது யாது என்று தெளிவு செய்துகொள்வோம். மூக்கு ஒழுகி, தொண்டை கரகரத்து, மூன்று நாளில் மறைந்துபோகும் நீர்க்கோவையை நாம் ஃப்ளூ என்று சொல்லிவிடுகிறோம். அது பெரும்பாலும் வேறு நோய். ஃப்ளூ என்று சுருக்கமாக வழங்கும் இன்ஃப்ளுயென்ஸா திடீரென்று தாக்குவது. காலையில் நலமாக இருந்தவர் மாலையில் கடுங்காய்ச்சலும் தலைவலியும் உடல்வலியுமாகப் படுத்துவிடுவார். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் எழுந்துவிடுகிறார்கள். ஆனால் முதியவர், கருவுற்ற பெண்கள், பச்சிளங் குழந்தைகள், நீரிழிவும் இருதய நோயும் ஆஸ்துமாவும் உடையோர் ஆகியோரிடம் அது நுரையீரல் அழற்சியாக முற்றிவிடக்கூடும். இந்நோயால் சுவாச உறுப்புகள் கெட்டு ஆண்டுதோறும் உலகில் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

இந்நோயின் மற்றொரு குணத்தை நன்றாக மனத்தில் கொள்ளவேண்டும். காய்ச்சல் வெளிப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்னரே நோயாளியின் மூச்சில் நோய்க்கிருமி வெளியேறத் தொடங்கிவிடுகிறது. தாம் நலமாக இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவரே பிறருக்கு நோயைத் தந்துகொண்டிருக்கலாம். இந்தச் செய்தி மருத்துவரையும் விலக்கிவைப்பதில்லை.

நம் நாடு இந்நோயை நன்கு அறியும். 1918-ஆம் ஆண்டில், முதல் உலகப்போர் முடியும் தறுவாயில், இன்ஃப்ளுயென்ஸா பம்பாய்த் துறைமுகத்தின் வழியாக இந்தியாவில் புகுந்தது. இரயில் பாதைகளைப் பற்றிக்கொண்டு நாடெங்கும் பரவி ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்களைக் கொண்டுசென்றது. மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நம் நாட்டில் ஒழுங்காக நடைபெறத் தொடங்கியபின், தொகை பெருகாமல் குறைந்த பத்தாண்டு ஒன்றே ஒன்றுதான். அது 1911-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட காலம். அவ்வீழ்ச்சிக்குத் தலையாய காரணம் இந்தக் காய்ச்சலே.

அடுத்த பெரும் பரவல் நம் வாயிற்படியிலேயே வந்து இறங்கியது. 1957-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனத்தில் தோன்றிய புதிய வகை இன்ஃப்ளுயென்ஸா ஹாங்காங்கையும் சிங்கப்பூரையும் அடைந்தது. அந்நாளில் சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே நம்மவர் கப்பலில் போவதும் வருவதும் அன்றாட நிகழ்ச்சி. மே மாத நடுவில், சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பல் ஒன்றில் காய்ச்சல்காரர்களும் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அங்கிருந்து பன்னிரண்டு வாரங்களில் அந்நோய் நாடு முழுவதையும் வளைத்துக்கொண்டது. அப்போது நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் இன்ஃப்ளுயென்ஸா ஆராய்ச்சி மையம் ஒன்று இயங்கிவந்தது. அம்மையத்தைச் சேர்ந்த டாக்டர் ஐ. ஜி. கே. மேனன் இப்பரவலின் வரலாற்றை எழுதிவைத்துள்ளார். 1958 பிப்ரவரிக்குள் பதிவான நோயாளிகள் ஏறத்தாழ 44½ இலட்சம். பதிவான மரணங்கள் ஆயிரத்துக்குச் சற்று மேல். பதிவாகாதவை எத்தனையோ!

அதே 1957-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்ததையும் நோக்குவோம். மாரிஸ் ஹில்மன் என்னும் ஆராய்ச்சியாளர் ஏப்ரல் மாதத்தில் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்தார். ஹாங்காங்கில் மருந்தகங்களின் முன்னே, ஒளியிழந்த கண்களோடு சோர்ந்து கிடக்கும் குழந்தைகளை ஏந்தியபடி தாய்மார் வரிசையாக நிற்கிறார்கள் என்ற செய்தி அவர் கண்ணில் பட்டது. பெரும் பரவல் வருகிறது என்று உணர்ந்த அவர், அக்கிருமியின் மாதிரியைத் தருவித்து ஆராய்ந்து, தடுப்பூசி செய்யும் நிறுவனங்களை உடனே முடுக்கிவிட்டார். அவ்வாண்டில் ஏறத்தாழ நாலு கோடி ஊசிக்கான மருந்து உருவாயிற்று. காலத்தில் கிடைக்கும் அறிவு உயிரைக் காக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

இனித் தடுப்பூசியைப் பற்றிச் சில சொற்கள். இந்நோயை விளைக்கும் வைரஸை மனிதரிடமிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர்கள் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா என்னும் மூவர். 1933-இல் லண்டனில் அவர்கள் இதைச் செய்தார்கள். கீரியை ஒத்த ஃபெரெட் என்னும் சிறு விலங்கு இந்நோய்க்கு ஆளாகும் என்று கண்டதே அவர்களுடைய வெற்றிக்கு வழியாயிற்று. பின்னர், கருவுற்ற கோழிமுட்டைக்குள் இந்த வைரஸை வளர்க்கலாம் என்று தெரிந்தது. அவ்வாறு வளர்த்து, உயிர்நீக்கி, தூய்மைப்படுத்தி, ஊசி மருந்தாக்கினார்கள். தாமஸ் ஃபிரான்சிஸ், ஜோனஸ் சால்க் ஆகியோரின் உழைப்பால் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படைவீரர்களுக்கு இவ்வூசி போடப்பட்டது. இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பூசி கண்ட சால்க் இவரேதான்.

ஆனால் 1947-இல் ஓர் ஏமாற்றம் நேர்ந்தது. ஊசி போட்டுக்கொண்டவர்களையும் காய்ச்சல் பற்றியது. காரணம் என்ன? நூற்பாலையின் வாயிலில் நிற்கும் காவலர் ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். திருடன் ஒருவன் சிவப்புக்கரை வேட்டி கட்டி வந்ததை அவர் ஒருமுறை பார்த்துவிட்டார். மறுமுறை அதே கரையைக் கண்டால் பிடித்துவிடுவார். அவனோ அடுத்த ஆண்டு பச்சைக்கரை வேட்டி கட்டி வருகிறான். காவலர் ஐயுற்று நிற்பதற்குள் உள்ளே நுழைந்துவிடுகிறான். இன்ஃப்ளுயென்ஸா வைரஸ் தன் மேற்பரப்பைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருப்பது இத்தகையதே. சில சமயங்களில், 1957-இல் போலவும் 2009-இல் போலவும், முற்றிலும் புதிய வேடத்தோடு வருவதும் உண்டு. அப்போது காவலருக்கு அடையாளமே தெரிவதில்லை. ஆதலால் உலகெங்குமுள்ள ஆய்வுக்கூடங்கள் ஆண்டு முழுவதும் இவ்வைரஸைக் கண்காணிக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் ஆண்டில் இருமுறை, பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும், எந்த வகைகளை ஊசியில் சேர்ப்பது என்று அறிவிக்கிறது. அம்மை குத்தியதைப்போல ஒருமுறையோடு இவ்வூசி முடிந்துவிடாமல் ஆண்டுதோறும் வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். யார் யார் இவ்வூசியை முதலில் போட்டுக்கொள்ளவேண்டும் என்று 2012-இல் உலக சுகாதார நிறுவனம் ஒரு வரிசையை வகுத்தது. கருவுற்ற பெண்களுக்கு அதில் முதலிடம். குழந்தைகள், முதியோர், நாட்பட்ட நோயுடையோர் ஆகியோரோடு மருத்துவப் பணியாளரும் அதில் இடம்பெற்றனர். நம் மத்திய அரசின் வழிகாட்டுதலும் மருத்துவப் பணியாளருக்கு இவ்வூசியைப் பரிந்துரைக்கிறது. ஆனால் நடைமுறை எப்படி?

காஷ்மீரத்து ஸ்ரீநகரில் மருத்துவமனைகளில் பணிபுரியும் 1,400-க்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளரிடம் இதைப்பற்றிக் கேட்டு, 2013-இல் அதன் முடிவை வெளியிட்டார்கள். இன்ஃப்ளுயென்ஸா தீங்கு தரவல்லது என்பதை அவர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டனர். ஊசி பயன் தரும் என்பதையும் பெரும்பாலோர் நம்பினர். ஆயினும் அதைப் போட்டுக்கொண்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை! அறிவு இருந்தது; நம்பிக்கையும் இருந்தது; செயல் மட்டும் இல்லை. இது ஸ்ரீநகருக்கு மட்டும் உரிய குறை அன்று. 2009-இல் எச்1என்1 என்னும் புதிய வகை பரவியபோதும், அதற்கு அடுத்த ஆண்டில் நம் நாட்டு மருத்துவப் பணியாளருக்கென வரவழைக்கப்பட்ட தடுப்பூசிக்கு எதிர்பார்த்த வரவேற்புக் கிடைக்கவில்லை. மேனாடுகளிலும், பணியாளர் கட்டாயம் போட்டுக்கொள்ளவேண்டும் என்ற விதி இல்லாத மருத்துவமனைகளில், ஊசியை மறுப்போர் பலர் இருக்கிறார்கள்.

ஏன் இப்படி? மருத்துவர்கள் கூறும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

'ஊசி போட்டுக்கொண்டால் அதனாலேயே காய்ச்சல் வரும்' என்பது ஒரு காரணம். கையில் செலுத்தும் ஊசியில் இருப்பது உயிர்நீக்கப்பட்ட வைரஸின் பகுதியே ஆதலால், அது ஃப்ளூ நோயை உண்டாக்க இயலாது. ஊசி போட்ட இடத்தில் வலியும், சிலருக்கு ஓரிரு நாள் இலேசான காய்ச்சலும் வரலாம். மேலும் மழைக்காலத்தில் சளி பிடிப்பது இயல்பு. ஊசி போட்ட வாரத்திலேயே வேறொரு கிருமியால் சளி பிடித்தால் பழி ஊசியின் மேல் விழுகிறது.

'நான் நாள்தோறும் நோயாளிகளோடு பழகுகிறேன். என் உடம்பு பழகிவிட்டது. என்னை ஒன்றும் செய்யாது' என்பது மற்றொரு காரணம். அனுபவமுள்ள மருத்துவர்கள் பலர் இப்படி எண்ணுவதுண்டு. இதற்கு விடையாக ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரத்தில் நடந்த ஆராய்ச்சி ஒன்றைச் சொல்லலாம். 1993-94 குளிர்காலத்தில் அந்நகரத்து மருத்துவமனைப் பணியாளர் 518 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அவர்களுள் 120 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 23 பேருக்கு, அப்பருவத்தில் இன்ஃப்ளுயென்ஸா தொற்றியதற்கான அடையாளம் இரத்தத்தில் காணப்பட்டது. ஆனால் தொற்றியவர்களுள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தங்களுக்கு ஃப்ளூ வந்த நினைவே இல்லை. நூற்றுக்கு 28 பேருக்கோ சளி இருமல்கூட வந்ததாக நினைவில்லை. அவர்களை ஒன்றும் செய்யவில்லை என்பது உண்மைதான். ஆனால் நோய் அவர்களிடம் வந்து தங்கிச் சென்றதும் உண்மை. தங்கியிருந்த நாள்களில் அது யார் யாரிடம் சென்றது என்பதை யார் அறிவார்?

'இந்த ஊசி முழுப் பாதுகாப்புத் தருவதில்லையே' என்பது மூன்றாவது காரணம். இது பொய்யன்று. ஊசியில் சேர்த்த வகையும் ஊரில் பரவும் வகையும் நன்கு ஒத்திருக்கும் ஆண்டுகளில், மருத்துவரை நாட நேரும் ஃப்ளூவை அது நூற்றுக்கு 40 முதல் 60 வரை குறைக்கிறது. ஒத்திராத ஆண்டுகளில் பயன் இன்னும் குறைவு. தட்டம்மை ஊசியின் வலிமை இதற்கு இல்லை. ஆனால் ஓலைக் குடை மழையை முழுதும் தடுப்பதில்லை என்பதற்காக எவரும் அதை வீட்டில் வைத்துவிட்டு நனைந்துகொண்டு போவதில்லை. ஊசி போட்டும் நோய் வந்தால், அது கடுமையாகாமல் இருப்பதற்கு வாய்ப்பு மிகுதி.

நான்காவது காரணம் அச்சம். இதற்கு வரலாறு உண்டு. 1976-இல் அமெரிக்காவில் பன்றி இன்ஃப்ளுயென்ஸா பரவும் என்று அஞ்சி நாலு கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு விரைவாக ஊசி போட்டார்கள். எதிர்பார்த்த பரவல் வரவில்லை. ஆனால் ஊசி போட்டவர்களுள் ஏறத்தாழ ஓர் இலட்சத்துக்கு ஒருவர் வீதம், நரம்புகளைத் தாக்கித் தசைகளைத் தளர்த்தும் கில்லான்-பாரே நோய் கூடுதலாகக் காணப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அதன்பின் வந்த ஊசிகளைக் கூர்ந்து கண்காணித்ததில், இத்தகைய ஆபத்து இருந்தாலும் அது பத்து இலட்சத்துக்கு ஓரிருவர் அளவே என்று தெரிகிறது. ஃப்ளூ நோயே அந்த நரம்புத் தளர்ச்சியை உண்டாக்கக்கூடும் என்பதையும் மறத்தலாகாது. உண்மையை மறைத்து நம்பிக்கையை வளர்க்க இயலாது. நேர்ந்த தவற்றை ஒப்புக்கொண்டு, இன்றைய நிலையை எடுத்துக்காட்டுவதே நேர்மையான வழி.

ஐந்தாவதாக, காலத்தைப் பற்றிய குழப்பம். குளிர்காலத்துக்கு முன் ஊசி போடவேண்டும் என்று மேனாட்டு மருத்துவ நூல்கள் கூறுகின்றன. நமக்கு ஏது அத்தகைய குளிர்காலம்? நம் நாட்டிலேயே ஃப்ளூவின் பருவம் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஸ்ரீநகரில் அது சனவரி முதல் மார்ச்சு வரை தலைதூக்குகிறது. தில்லி முதலிய வட இந்திய நகரங்களில் சூலை முதல் செப்டம்பர் வரையான மழைக்காலத்தில் பெருகுகிறது. சென்னையிலும் வேலூரிலும் கண்காணித்தபோது, வடகிழக்குப் பருவமழைக் காலமாகிய அக்டோபர், நவம்பர் மாதங்களை ஒட்டி உச்சத்தை அடைவதாகத் தெரிந்தது. செட்டியார்பட்டியும் அதே வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பி வாழும் ஊர். ஊசியின் பயன் உடம்பில் ஏற ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். சில மாதங்களில் அது குறையத் தொடங்கும். ஆகவே ஐப்பசி மழைக்கு முன்னர், ஆவணி புரட்டாசியில், அவ்வாண்டுக்குரிய புதிய ஊசியைப் போட்டுக்கொள்வது நம் பகுதிக்குப் பொருந்தும். மேனாட்டு நாட்காட்டியை மட்டும் பார்க்கும் மருத்துவர் ஊசியைப் போடவேண்டிய காலத்தைத் தவறவிட்டுவிடலாம்.

இறுதியாக, வசதியைப் பற்றிய காரணம். இது எளிதில் தள்ளிவிடத்தக்கதன்று. ஃப்ளூ தடுப்பூசி நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்ததன்று. பெரும்பாலும் விலை கொடுத்தே வாங்கவேண்டும். குளிர்சாதனத்தில் வைத்துக் காக்கவேண்டும். ஆண்டு கடந்தால் பயன்படாது. பெரு நகரத்து மருத்துவமனை தன் பணியாளருக்கு வரவழைத்துக் கொடுக்கலாம். சிற்றூரில் தனியே தொழில் நடத்தும் மருத்துவருக்கு யார் நினைவூட்டுவார்? அவரிடம் பணிபுரியும் செவிலிக்கும் மருந்து கட்டுபவருக்கும் யார் வாங்கித் தருவார்? பணியிடத்துக்கே கொண்டுவந்து, இலவசமாக, வேலை நேரத்திலேயே ஊசி போட்ட மருத்துவமனைகளில், போட்டுக்கொள்வோர் தொகை கூடியிருக்கிறது. ஆகவே மருத்துவர்மேல் மட்டும் குறை கூறுவது நியாயமாகாது.

எனினும், இக்காரணங்களுக்கெல்லாம் அடியில் இன்னொரு காரணம் மறைந்து கிடக்கிறது என்பது என் கருத்து. நோயைத் தீர்க்க வந்தவரே நோயைச் சுமந்து வரக்கூடும் என்பதை ஏற்க மனம் இசைவதில்லை. 1847-இல் வியன்னா நகரத்துப் பிரசவ மருத்துவமனையில் இக்னாஸ் செம்மெல்வெய்ஸ் என்னும் மருத்துவர், பிணங்களை அறுத்துச் சோதித்த கையோடு பிரசவம் பார்ப்பதாலேயே தாய்மார் காய்ச்சல் கண்டு இறக்கிறார்கள் என்று உணர்ந்தார். குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். மரணங்கள் பெரிதும் குறைந்தன. ஆயினும் அக்கால மருத்துவர் பலர் அதை ஏற்கவில்லை. எம் கைகளா மரணத்தைச் சுமப்பன என்று அவர்கள் மனம் குமுறிற்று. அவர்கள் தீயவர்கள் அல்லர். கற்றவர்களே, நோயாளிகளிடம் அன்புடையவர்களே. ஆனால் தம்மைப் பற்றிய உண்மையை ஏற்பது எவருக்கும் கடினம். இன்று கை கழுவாத மருத்துவரை நாம் நினைத்துப் பார்ப்பதுகூட இல்லை.

மருத்துவப் பணியாளர் ஊசி போட்டுக்கொண்டால் நோயாளிகள் காப்பாற்றப்படுகிறார்களா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். அதே கிளாஸ்கோவில், 1994-95 குளிர்காலத்தில், முதியோர் நெடுநாள் தங்கிச் சிகிச்சை பெறும் பன்னிரண்டு இடங்களில் இச்சோதனை நடந்தது. பணியாளருக்கு ஊசி போட்ட இடங்களில் முதியோர் மரணம் நூற்றுக்குப் பத்தாக இருந்தது. போடாத இடங்களில் பதினேழாக இருந்தது. இது பெரிய வேறுபாடு. ஆனால் இவ்வேறுபாடு முழுவதும் ஊசியின் பயனாக இருக்க இயலாது என்றும், சான்றுகள் இன்னும் வலிமையாக வேண்டும் என்றும் பிற்காலத்தில் இத்தகைய ஆய்வுகளை மறுபரிசீலனை செய்த காக்ரேன் குழுவினர் கருத்துரைத்தனர். அறிவியல் இவ்வாறு தன்னைத்தானே தட்டிப் பார்த்துக்கொண்டே செல்லும். பயனின் அளவைப் பற்றி விவாதம் உண்டு. ஆனால் மருத்துவர் நோயைப் பெறவும் தரவும் கூடும் என்பதில் ஐயமில்லை.

மருத்துவரின் மனப்பான்மை அவரோடு நின்றுவிடுவதும் இல்லை. தாம் ஊசி போட்டுக்கொண்ட மருத்துவரே நோயாளிகளுக்கும் அதை மிகுதியாகப் பரிந்துரைக்கிறார் என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. இதை நீங்களே ஊகிக்கலாம். வராந்தாவில் காத்திருந்த பாட்டி ஒருவர், "டாக்டரய்யா, எனக்குச் சர்க்கரை இருக்கு. இந்தக் காய்ச்சல் ஊசி போட்டா நல்லதுங்கிறாங்களே?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாம் போட்டுக்கொள்ளாத மருத்துவர், "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் பாட்டி" என்று சொல்லிவிடக்கூடும். போட்டுக்கொண்டவரோ, "நல்லதுதான் பாட்டி, போன மாசம் நானே போட்டுக்கிட்டேன்" என்பார். இரண்டாவது விடைக்கு முன் எந்த விளம்பரமும் நில்லாது. 2021 சனவரி 16-ஆம் நாள் கொரோனாத் தடுப்பூசித் திட்டம் நம் மாநிலத்தில் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் தொடங்கியபோது, முதலில் ஊசி பெற்றவர்கள் மருத்துவப் பணியாளர்களே. தொடக்கத்தில் அவர்களிடையேயும் தயக்கம் காணப்பட்டது. மூத்த மருத்துவர்கள் முன்வந்து கையை நீட்டிய பிறகே பிறரும் துணிந்து வந்தார்கள்.

இதில் ஆபத்து யாருக்கு என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. அக்குழந்தையைக் காக்க இரண்டே வழிகள் உண்டு. தாய் கருவுற்றிருக்கும்போது ஊசி போட்டுக்கொண்டால், அவள் உடம்பில் தோன்றும் எதிர்ப்பொருள்கள் குழந்தைக்கும் சென்று முதல் சில மாதங்கள் காவல் நிற்கும். மற்றொன்று, குழந்தையைத் தூக்குபவர்களும் தொடுபவர்களும் நோயற்றிருப்பது. முதல் வழியைத் தாய்க்கு எடுத்துச் சொல்லவேண்டியவர் மருத்துவர்; இரண்டாவது வழியில் தாமே நிற்கவேண்டியவரும் மருத்துவர். நாள் முழுதும் நூற்பாலையில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து நுரையீரல் நலிந்த தொழிலாளருக்கும், கவனித்துக்கொள்ள ஆளின்றித் தனித்திருக்கும் முதியோருக்கும் இது பொருந்தும்.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில், மருத்துவமனைகளில் காயம் கட்டப் பயன்படும் துணியைத் தறிகளில் நெய்கிறார்கள். அத்துணி நாட்டின் பல பகுதிகளுக்கும் செல்கிறது. எங்கோ, யாருக்கோ, என்றோ ஏற்படப்போகும் காயத்துக்காக இங்கே ஒருவர் முன்கூட்டியே நெய்து வைக்கிறார். தடுப்பூசியும் அத்தகைய முன்னேற்பாடே. காயம் பட்டபின் கட்டும் துணி வேண்டும். காயம் படாமல் காக்கும் ஏற்பாடும் வேண்டும்.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை மருத்துவராகவும் செவிலியராகவும் ஆவீர்கள். அப்போது, அறிந்திருப்பது வேறு, அறிந்தபடி நடப்பது வேறு என்பதை நினைவில் வையுங்கள். மற்றவர்கள், அடுத்த ஆவணியில் உங்கள் வீட்டுத் தாத்தாவையோ பாட்டியையோ கருவுற்றிருக்கும் அக்காவையோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, இவ்வூசி இவர்களுக்குத் தேவையா என்று கேளுங்கள். பின்னர், பணிவோடு, "ஐயா, தாங்கள் போட்டுக்கொண்டீர்களா?" என்றும் கேளுங்கள். நல்ல மருத்துவர் அக்கேள்விக்குச் சினம் கொள்ளமாட்டார். ஒரு கணம் யோசிப்பார். அந்த ஒரு கணம் அவருக்கும், அவரை நம்பி வராந்தாவில் காத்திருக்கும் ஊருக்கும் நன்மை தருவதாக அமையும்.